உப்பு மேடையில் காய வைத்த பிளாக்

அன்றைக்கு இன்ஜின் கொட்டாயில் இருந்தவர்கள்.

நான்.

என் பொண்டாட்டி. கையில் பழைய சைக்கிள் கம்பி, முனையை வளைத்தது.

அவள் தம்பி. எனக்கு மச்சான். முட்டி வரைக்கும் கிரீஸ்.

கூனிமேட்டு பாய். மெக்கானிக். போட் இன்ஜினும் பார்ப்பார், பம்ப்செட் இன்ஜினும் பார்ப்பார். எங்கள் மூணு பேரையும்விட மூத்தவர். மொபெட்டில் வந்திருந்தார்.

அவ்வளவுதான். நடுவில் சாக்கு விரித்து, அதன் மேல் இன்ஜின் பிளாக்.

மழை விட்டு ஒரு வாரம். கிறிஸ்மஸ் போய்விட்டது, பொங்கல் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஸ்டாரை இன்னும் இறக்கவில்லை. உப்பளப் பாத்தியில் எல்லாம் மழைத்தண்ணி நின்றது. அது வடிந்ததும் சேற்றை மிதிக்க வேண்டும். மிதித்த பிறகு பூமிக்கு அடியில் இருக்கிற உப்புத்தண்ணியை இறைத்து விட வேண்டும். இறைக்க இன்ஜின் வேண்டும். எங்கள் இன்ஜின் ஆடி மாசமே நின்றுபோனது.

ஒத்தை சிலிண்டர் டீசல் இன்ஜின். செகண்ட் ஹேண்டில் எடுத்தது. அது ஓடின வருசங்களில் எங்களுக்கென்று எட்டு பாத்தி. விளைகிற உப்பில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு எடுத்தது. இன்ஜின் இல்லாதவனுக்கு அளத்தைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி பாத்தி விடமாட்டார். இன்ஜின் இல்லையென்றால் அடுத்தவன் பாத்தியில் உப்பு வார வேண்டியதுதான். கூலி. என் பொண்டாட்டி அதைப் பதினைஞ்சு வயசிலிருந்து செய்தவள். இன்ஜின் வாங்கின வருசம்தான் அதை விட்டாள்.

மேஸ்திரி முந்தின ஞாயிறு கோயில் வாசலில் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லிடுங்க. இன்ஜின் இருக்குதா இல்லியான்னு. நாலு பேர் கேக்கறாங்க."

என் பொண்டாட்டியும் பக்கத்தில் நின்று கேட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்.

"நான் இன்னொருத்தர் பாத்தியில கால் வெக்க மாட்டேன்."

மறுநாள் பாய்க்கு போன் போட்டேன்.

புதன்கிழமை பிரித்தோம். மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினதும் பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். பிளாக்குக்கும், பிஸ்டன் ஓடுகிற குழாயான லைனருக்கும் நடுவில் தண்ணி ஓடுகிற சந்து இருக்கும். சூட்டைத் தணிக்கிற தண்ணி. அங்கே சந்தே இல்லை. வெள்ளையும் சிவப்புமாகக் கல்லு மாதிரி அடைத்துக் கிடந்தது.

பாய் டார்ச்சை அணைத்தார்.

"ஏம்பா, இது இன்ஜினா, கருவாடு போடற பானையா?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் வெளியே பார்த்தான்.

நடந்தது இதுதான். இன்ஜினைக் குளிரவைக்க ஒரு பேரலில் நல்ல தண்ணி ஊற்றி வைப்போம். அந்தத் தண்ணியே சுத்திச் சுத்தி வரும். கோடையில் டேங்கர் சரியாக வரவில்லை. குடிக்கவே பத்தவில்லை. மச்சான் பார்த்தான். இன்ஜின் இறைக்கிற தண்ணி பக்கத்திலேயே கொட்டுகிறது. அதிலிருந்து ஒரு டியூப் இழுத்து இன்ஜினுக்குள் விட்டான். உப்புத்தண்ணி. கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சூடு ஏறி நின்றுவிட்டது.

"உப்பளத்துல பொறந்தவன்டா நீ," என்றார் பாய். "தண்ணி சூடானா உப்பு நிக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"பாத்தியிலதான் நிக்கும்னு நெனச்சேன் பாய்."

"பாத்தியில நிக்கறதுக்கு ஒரு மாசம் ஆவுது. இதுல ஒரு மணி நேரத்துல நின்னுடுச்சி. பேசாம இதையே பாத்தியா வெச்சிக்கோ. வெயிலே தேவையில்ல."

என் பொண்டாட்டி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் முதலில் சிரித்தது அப்போதுதான்.

லைனர் வரமாட்டேன் என்றது. டீசல் ஊற்றி ஊறவைத்து, கட்டை வைத்துத் தட்டித் தட்டி, சாயங்காலம்தான் வந்தது. லைனர் வந்தபிறகு உள்ளே பார்த்தால் சுத்தி முழுக்க அதே கல்லு. பாய் ஒரு விரலை விட்டுத் துழாவினார்.

"லைனர் புதுசு போடலாம். பிஸ்டன் புதுசு போடலாம். ரிங்கு, ரப்பர், கேஸ்கட் எல்லாம் கெடைக்கும். பிளாக் நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்கும். பிளாக் போச்சின்னா இன்ஜினே போச்சி. மொதல்ல கழுவுங்க. கழுவாம எதுவும் சொல்ல முடியாது."

கழுவினோம்.

வெளிப்பக்கம் நானும் மச்சானும். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. முதலில் தகடு வைத்துச் சுரண்ட வேண்டும். பிறகு டீசலில் வயர் பிரஷ். பிறகு சோப்புத்தூள். பிறகும் டீசல். ஒரு பக்கம் முடித்துத் திருப்பினால் முடித்த பக்கம் திரும்ப அழுக்காகிவிடும். ரெண்டு ஆள் தூக்குகிற கனம். மச்சான் ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அந்தோணியாரைக் கூப்பிட்டான்.

"அவரு வந்தா அந்தப் பக்கம் புடிக்கச் சொல்லு," என்றேன்.

ஹெட் உட்காருகிற மேல்பக்கத்தைப் பாய் எங்களைத் தொடவிடவில்லை. அதில் கீறல் விழுந்தால் கேஸ் நிற்காமல் கசிந்துவிடுமாம். அவரே ஒரு பிளேடை வைத்து, பழைய கேஸ்கட் ஒட்டியிருந்ததைச் சீவினார். முகம் வழிக்கிற மாதிரி. எண்ணெய் போகிற ஓட்டைகளில் ஒல்லிக்கம்பியில் துணி சுத்தி விட்டு இழுத்தார். கறுப்பாக வந்தது. வெள்ளைத்துணி வெள்ளையாகவே வருகிற வரைக்கும் இழுத்தார். பேசிக்கொண்டே இழுத்தார். அவர் பேரனைப் பற்றி, கூனிமேட்டில் மீன் வராததைப் பற்றி, எதைப் பற்றியும்.

உள்பக்கம் என் பொண்டாட்டி. தண்ணிச் சந்தில் எங்கள் கை போகாது. அவள் கை போகும். சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி, கெல்லி, கையால் வாரினாள். முதலில் துண்டு துண்டாக வந்தது. உப்பு, துரு, சேறு எல்லாம் ஒட்டின துண்டு. கம்பி போகாத மூலைக்கு நல்ல தண்ணி ஊற்றி வைத்தாள். ஊறி இளகினதும் கவிழ்த்துக் கொட்டினாள். திரும்ப ஊற்றினாள். டேங்கரில் பிடித்த தண்ணி. வீட்டுக்கு வைத்திருந்தது. குடத்தை அவளே இடுப்பில் வைத்து வரப்பு மேல் நடந்து கொண்டுவந்தாள். நான் எடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

கொட்டுகிற தண்ணியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். திரும்ப ஊற்றினாள்.

பாய் பார்த்துவிட்டார்.

"ஏம்மா தங்கச்சி! டீசலை நக்கறியே!"

"டீசல் தெரியாது பாய். உப்புதான் தெரியுது."

"வயித்துக்கு ஆவாதும்மா."

"துப்பிடறேன்."

அளத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. தண்ணியை எந்தப் பாத்திக்கு மாத்தலாம் என்று பார்க்க நாக்கில் வைப்போம். டிகிரி பார்க்கிற கண்ணாடிக்குழாய் மேஸ்திரியிடம் இருக்கும். அவரைத் தேடிப்போக நேரம் இருக்காது. ஆனால் உப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நக்குவோம். உப்பு இல்லையா என்று பார்க்க அவள் நக்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமையும் அதே வேலை. மத்தியானம் சங்கரா மீன் குழம்பு கொண்டுவந்தாள். பாய் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் நெய்ச்சோறு வந்திருந்தது. கையை டீசலில் கழுவி, சோப்பில் கழுவி, தண்ணியில் கழுவி உட்கார்ந்தோம். அப்படியும் டீசல் வாசனை போகவில்லை. மச்சான் ஒரு கவளம் வாயில் வைத்து, "பாய், உங்க வீட்டுச் சோறு மைலேஜ் குடுக்கும்," என்றான். பாய்க்குப் புரை ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பிளாக் சுத்தம். சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. பழைய பெயின்ட்கூட இல்லை. அதை அப்படி நான் பார்த்ததே இல்லை. நாங்கள் வாங்கினபோதே அது அழுக்குதான். என் பொண்டாட்டி கடைசித் தண்ணியை நாக்கில் வைத்தாள். துப்பவில்லை. முழுங்கிவிட்டாள்.

"அவ்ளோதான்," என்றாள்.

பாய்க்கு ஜும்மா தொழுகை. கைகாலைக் கழுவிக்கொண்டு தொப்பியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார்.

"நல்லா காய வெச்சி, அப்பால இன்ஜின் ஆயில் தடவி மூடி வெய்யுங்க. ஈரத்தோட ஆயில் தடவக்கூடாது. நாளைக்குக் காலையில வந்து அளவு பாக்கறேன். இன்ஷா அல்லா லைனர் எறக்கிடலாம்."

மொபெட் போய்விட்டது.

எங்கே காய வைப்பது? கொட்டாய்த் தரை ஈரம். வெளியே வரப்பும் ஈரம். மச்சான்தான் சொன்னான்.

"மேடையில வெக்கலாம் மாமா."

மேடை என்றால் உப்பைக் குவிக்கிற மேடை. ரோட்டோரம் உயரமாகப் போட்டிருக்கும். வாரின உப்பை அங்கே கொட்டி, காயவிட்டு, ஓலை போட்டு மூடுவோம். இந்த ஊரில் எதைக் காய வைப்பதானாலும் மேடைதான். மீன், மிளகாய், துணி, எல்லாம். காத்து நல்லா வரும்.

நல்ல யோசனை என்று எனக்கும் பட்டது. என் பொண்டாட்டிக்கும் பட்டது. மூணு பேரும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு போனோம். மேடையில் போன வருச உப்பு கொஞ்சம் மூலையில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே சாக்குப் போட்டு வைத்தோம். சாயங்காலம் மேகம் கூடியது. ஈரம் இன்னும் போகவில்லை, ஆயில் காலையில் தடவலாம் என்று விட்டோம். மழை வந்தால் என்ன செய்வது என்று மச்சான் ஓலையும் போட்டு மூடினான். மேலே கல் வைத்தான். உப்புக்கு எப்படி மூடுவோமோ அப்படி.

மழை வரவில்லை. ராத்திரி முழுக்கக் கடல்காத்து.

சனிக்கிழமை காலையில் பாயும் நாங்களும் ஒன்றாகத்தான் மேடைக்குப் போனோம். மச்சான் ஓலையைத் தூக்கினான்.

பிளாக் முழுக்கச் சிவப்பு. மெல்லிசாகத் துரு. அடிப்பக்கம் சாக்கு பட்ட இடத்தில் வெள்ளை பூத்திருந்தது.

பாய் பிளாக்கைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த உப்பைப் பார்த்தார். எங்கள் மூணு பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"மூணு நாளா உப்பை எடுத்தோம்."

"ஆமா பாய்," என்றேன்.

"எடுத்துட்டு, கொண்டாந்து, உப்பு மேல வெச்சீங்க."

"சாக்கு போட்டோம் பாய்," என்றான் மச்சான்.

"என்னா சாக்கு?"

மச்சான் குனிந்து பார்த்தான். உப்பு மூட்டை கட்டுகிற சாக்கு.

பாய் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. தோள் குலுங்கியது. "யா அல்லா, இவங்களை நீதான் பாத்துக்கணும்," என்றார். என் பொண்டாட்டி தம்பி தலையில் ஒன்று வைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீயும்தானேக்கா தூக்கினே!"

"போடா. காய வெக்கறதுன்னா எனக்கு வேற எடம் தெரியாது."

துருதானே, திரும்பத் தேய்த்தால் போச்சு. பாய் எழுந்து பிளாக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார். சாய்த்தவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, இங்க வா," என்று என்னைக் கூப்பிட்டார்.

தண்ணி வடிக்கிற ஓட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கோடு. வெள்ளையாக. சிவப்புத் துரு மேல் தலைமயிர் மாதிரி மெல்லிசு. நேராகவும் இல்லை. வளைந்து வளைந்து மேலே போயிற்று.

பாய் நகத்தால் வெள்ளையைத் தள்ளினார். கீழே நகம் மாட்டியது.

"விரிசல்," என்றார். "உள்ள உப்புத்தண்ணி நின்னிருக்குது. காத்துல வெளிய வந்து பூத்திருக்குது. நேத்து நானும் பாத்தேன், என் கண்ணுக்குத் தெரியல. கழுவின இரும்புல இது தெரியாது."

ரோட்டில் ஒரு பஸ் போனது.

என் பொண்டாட்டிதான் கேட்டாள்.

"இத்தோட முடிஞ்சிதா பாய்?"

"எங்க போயி நிக்குதுன்னு பாக்கணும்மா. இது வெளிச்சுவரு. வெளிச்சுவருல இருந்தா தச்சிடுவேன். உள்ள, லைனர் உக்கார்ற எடம் வரைக்கும் போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. இரும்புக்கடைதான்."

கொட்டாய்க்குத் தூக்கி வந்தோம். இந்தத் தடவை மச்சான் யாரையும் கூப்பிடவில்லை.

திரும்பத் தேய்த்தோம். வெள்ளைக் கோடு போய்விட்டது. விரிசலும் கண்ணுக்கு மறைந்துவிட்டது. அது இருந்த இடத்தைப் பாய் ஆணியால் லேசாகக் கீறி வைத்திருந்தார். அந்த இடத்திலும், உள்ளே லைனர் உட்காருகிற வளையத்திலும் டீசலைத் தடவி ஊறவிட்டார். பிறகு துணியால் ஈரமே இல்லாமல் துடைத்தார்.

"பவுடர் இருக்குதாம்மா? மூஞ்சிக்குப் போடறது."

அவள் வீட்டுக்குப் போய்க் கொண்டுவந்தாள். கிறிஸ்மஸுக்கு வாங்கின டப்பா. பாய் பிளாக்குக்கு உள்ளேயும் வெளியேயும் பவுடரைத் தட்டினார். விரிசலுக்குள் டீசல் போயிருந்தால் பவுடர் அதை உறிஞ்சும். ஈரக்கோடு தெரியும். விரிசல் இல்லாத இடம் வெள்ளையாகவே இருக்கும்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது," என்றான் மச்சான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

டீ வாங்கிவரச் சொல்லி அவனை அனுப்பினேன். பாய் பீடி பற்ற வைக்கக் கொட்டாய்க்கு வெளியே போனார். அவள் பிளாக் பக்கத்திலேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். வெளிப்பக்கக் கோடு முதலில் வந்தது. பவுடர் மேல் எறும்பு ஊருகிற மாதிரி கறுப்பாகக் கிளம்பி, வளைந்து, மேலே ஏறியது. அவள் விரலைத் தொடாமல் காத்தில் அதைப் பின்னாடியே கொண்டுபோனாள்.

"ஏறுது," என்றாள்.

நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஏறுதுங்க."

"பாக்கறேன்."

மேல் விளிம்புக்குக் கீழே ஒரு இடத்தில் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். டீ வந்தது, ஆறியது. பாய் வந்து டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். தலையை உள்ளேயே விட்டுவிட்டார் என்று சொல்லலாம். லைனர் உட்காருகிற வளையத்தை விரலால் சுத்தித் தடவினார். விரலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வெறும் பவுடர்.

"காஞ்சி கெடக்குது. உள்ள போவல. ரெண்டு விரக்கடை மிச்சம் வெச்சி நின்னுடுச்சி."

"நெசமாவா பாய்?"

"நாக்குல வெச்சிப் பாரு, நீதான் எல்லாத்தையும் நக்குவியே."

அவள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகமெல்லாம் பவுடரும் டீசலும் ஆயிற்று. பிறகு ஆறின டீயை எல்லாருக்கும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பாய் சொன்னார்: "உப்பு மேடையில வெக்கலேன்னா நான் லைனர் எறக்கியிருப்பேன். ஓட்டியிருப்போம். சூட்டுல இது இன்னும் கொஞ்சம் ஏறி உள்ள போயிருக்கும். அப்ப நெசமாவே இரும்புக்கடைதான்." மச்சானைப் பார்த்தார். "இதுக்காக அடுத்த தடவையும் அங்க கொண்டுபோயி வெச்சிடாதே."

மச்சான் அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் பிளாக்கை ஏற்றிக் கூனிமேட்டுக்குப் போனோம். பாய் கடையில் டிரில் இருக்கிறது. விரிசலின் ரெண்டு முனையிலும் சின்னதாக ஓட்டை போட்டார். ஓட்டை போட்டால் அதைத் தாண்டி ஓடாதாம். பிறகு கோடு நெடுக ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஸ்குரூ ஏற்றினார். ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு உட்காருகிற மாதிரி. ஸ்குரூவின் தலையை வெட்டி, சுத்தியால் தட்டி, அரத்தில் ராவினார். துணி தைக்கிறவன் மாதிரி குனிந்தே இருந்தார். மத்தியானத் தொழுகைக்கு மட்டும் எழுந்தார்.

ஒழுகுகிறதா என்று பார்க்க, புது லைனருக்குப் பதில் பழைய லைனரையே புது ரப்பர் போட்டு இறக்கி, ஓட்டையெல்லாம் கட்டையும் ரப்பரும் வைத்து அடைத்தார். தண்ணிச் சந்தை நிரப்பினார். நல்ல தண்ணிதானா என்று மச்சானிடம் ரெண்டு தடவை கேட்டார். பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து காத்து டியூப் இழுத்து வந்து அழுத்தம் கொடுத்தார். பிளாக்குக்கு அடியில் காய்ந்த சிமெண்ட் தரை. அதில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்.

"உக்காருங்க," என்றார் பாய். "இதுக்கு அவசரம் கெடையாது."

உட்கார்ந்தோம். மசூதியில் பாங்கு சொன்னார்கள். ரோட்டில் புதுச்சேரி போகிற காரெல்லாம் போனது. பாய் வீட்டம்மா சமோசா கொடுத்தனுப்பினார். சூடாக இருந்தது. தின்றுகொண்டே நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தரை காய்ந்தே இருந்தது. பாய் குனிந்து, தைத்த இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை.

மேஸ்திரி போன் வந்தது. என் போனில்தான் வந்தது. எடுத்தேன்.

"இன்னாப்பா, இன்ஜின் இருக்குதா?"

அவளிடம் கொடுத்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"இருக்குது மேஸ்திரி."

"ஓடுதா?"

"பிளாக் கழுவிட்டோம். இந்த வாரம் ஓடும்."

"செரி. போன வருசம் மாதிரி எட்டுதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எட்டு என்றுதான் நான் நினைத்தேன். அவள் திரும்பவும் பிளாக்குக்கு அடியில் தரையைப் பார்த்தாள். மேஸ்திரி அந்தப் பக்கம், "ஏம்மா, எத்தினி பாத்தி?" என்று கத்துவது எனக்கே கேட்டது.

"பன்னெண்டு."